சி.ஐ.டி. நாற்காலி

சத்தியசீலன் மேல் ஊர் சொல்லக்கூடிய குறை ஒன்றே ஒன்றுதான். யார் எங்கே நின்று பேசினாலும் இவனும் அங்கே நின்று கேட்பான். கேட்டால் பரவாயில்லை, நோட்டில் எழுதியும் கொள்வான்.

மிஷன் கல்லூரியில் அவனுக்கு வாத்தியார் வேலை. பி.ஏ. வகுப்புப் பையன்களுக்கு இங்கிலீஷ் கட்டுரை சொல்லிக்கொடுத்த நேரம் போக, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தான். ஒரு மனிதன் வாயைத் திறந்து பேசினால் இன்னொரு மனிதனுடைய மனசு எந்த இடத்தில் மாறுகிறது என்பது விஷயம். கிரேக்கர்கள் இதைப்பற்றி எழுதியதெல்லாம் கல்லூரி நூலகத்தில் தடித்தடியாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். செத்துப்போன கிரேக்கன் யார் வம்புக்கும் வரமாட்டான். இவனோ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மதுரையில் என்ன நடக்கிறது பார்ப்போம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

நோட்டை நடுவில் மடித்துக்கொள்வான். இடது பக்கம் பேசுகிறவர் சொன்னது. வலது பக்கம் கேட்கிறவர்கள் செய்தது. அதற்கு அவனே குறிகள் வைத்திருந்தான். ஒரு சுழி போட்டால் இருமல், கொக்கி போட்டால் சிரிப்பு, இரண்டு கோடு என்றால் ஒருவர் எழுந்து போய்விட்டார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது அசல் சுருக்கெழுத்து மாதிரிதான் இருக்கும்.

வைகை மணலில் பிரசங்கம் செய்த உபதேசியார், திருவிழாவில் பாம்பைக் காட்டிப் பல்பொடி விற்றவன் என்று ஒருவரையும் விடவில்லை. அவனை அதிகமாகக் கவர்ந்தது சந்தையில் காய்கறி விற்ற தங்கப்பொண்ணு. அந்த அம்மாள் யாரையும் "வாங்கு" என்று கூப்பிட்டதே இல்லை. சத்தியசீலன் போய் நின்றதும், "இது ஒனக்கு ஆகாது சாமி. கத்திரிக்கா ருசி தெரிஞ்சவுக வாங்குற காயி. ஒனக்கு அந்தா அங்கிட்டு இருக்கு, போ" என்றாள். எனக்கா தெரியாது என்று ரோஷம் வந்து இரண்டு வீசை வாங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து அந்த ஒரு வாக்கியத்தைப்பற்றி மூன்று பக்கம் எழுதினான். அவன் மனைவி ஆனிமேரி நாலு நாள் கத்திரிக்காய் சமைத்தாள்.

ஆனிமேரி கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தவள். புருஷன் கிறுக்கிக்கொண்டு வருவதை எல்லாம் படித்துத் திருத்தி அழகாகப் பிரதி எடுப்பது அவள்தான். பிரதி எடுக்கும்போது சில இடங்களில் "ம்ஹும்" என்பாள். அந்த இடங்களை அவன் மறுநாள் சத்தமில்லாமல் அடித்துவிடுவான்.

அது உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஜனங்கள் ஊர் ஊராக ஜெயிலுக்குப் போய் வந்ததற்கு மறு வருஷம். மதுரையில் தினம் ஒரு பொதுக்கூட்டம். அந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. போலீசிலிருந்து சி.ஐ.டி. சுருக்கெழுத்துக்காரர் ஒருவர் பேச்சை எழுதிக்கொள்ள வருவார். கூட்டம் போடுகிறவர்களே அவருக்கு மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு லாந்தர் விளக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள். எழுதாமல் விடப்போவதில்லை, எழுதுவதைச் சரியாக எழுதட்டும், சொல்லாததைச் சொன்னதாகச் சேர்க்காமல் இருந்தால் போதும் என்று அந்த ஏற்பாடு. அவரும் சில சமயம், "கொஞ்சம் மெதுவா" என்பார். பேசுகிறவர் அவரை நாலு திட்டுத் திட்டிவிட்டு மெதுவாகப் பேசுவார். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம் இது. தெரியாதவன் சத்தியசீலன் ஒருவன்தான். இவன் எப்போதும் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன், மேடைப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்ததே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தெப்பக்குளத்துக் கரையில் கூட்டம். வழக்கமாக வருகிற சி.ஐ.டி.க்கு மாற்றலாகிவிட்டது. புதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, கல்லூரியிலிருந்து கோட்டோடு நேரே வந்த சத்தியசீலன் நோட்டும் பென்சிலுமாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். தொண்டர் ஒருவர் வந்து, "வாங்க சார், ஒங்களுக்குத்தான் போட்டு வச்சிருக்கோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

சத்தியசீலனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. படிப்பாளிக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஊர் இது என்று நினைத்தான். விளக்கு வெளிச்சம் நன்றாக இருந்தது. எதிரே ஐந்நூறு முகம் தெளிவாகத் தெரிந்தது. பேச ஆரம்பித்தவர் கொஞ்சம் வேகக்காரர். இவன் எழுந்து, மிகுந்த பணிவோடு, "ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுனா உதவியா இருக்கும்" என்று வேறு சொல்லிவைத்தான். அசல் சி.ஐ.டி. கால் மணி நேரம் கழித்து வந்தார். நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்தார். இலாகாவே வேறு ஒருவரை அனுப்பிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை குளத்து மேல்கரையில் மலையாண்டியிடம் சவரத்துக்கு உட்கார்ந்தான். வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்குச் சோப்பு போட்டிருந்தது. அந்தப் பக்கம் போன ஒருவர் நின்று, "ஏண்டா மலையாண்டி, சி.ஐ.டி.க்கா சவரம் பண்ணிக்கிட்டிருக்க?" என்றார். மலையாண்டி கையை எடுத்தான். கத்தியைத் துடைத்தான். பெட்டியில் வைத்தான். "எந்திரிங்க சார்" என்றான். அவ்வளவுதான். சோப்பு நுரையோடு எழுந்து, பாதி முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு, பல்வலிக்காரன் மாதிரி அவன் வீடு வந்து சேர்ந்தான்.

பிறகு ஒவ்வொன்றாக நின்றது. பால்காரர் இரண்டு வீடு முன்னாலேயே மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார். வண்ணார் அழுக்குத் துணியைத் தொடவில்லை. கல்லூரியில் அவன் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு ஒழுங்கான வகுப்பை அவன் அதுவரை பார்த்ததில்லை.

அதைவிட மோசம், ஆராய்ச்சி. சந்தையில் அவன் தலை தெரிந்ததும் தங்கப்பொண்ணு வாயை மூடிக்கொண்டாள். "எடுத்துக்கங்க, போடுறேன்" என்று இரண்டே வார்த்தை. பல்பொடிக்காரன் பாம்பைக் கூடைக்குள் போட்டு மூடினான். பேச்சைப்பற்றி ஆராய்கிறவன் போன இடமெல்லாம் பேச்சு நின்றுபோனால் எதை எழுதுவது?

ஆனிமேரிக்குத்தான் அடி பலமாக விழுந்தது. பக்கத்து வீட்டு விஜயத்தோடு மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினால்தான் அவளுக்குப் பொழுது விடியும். இப்போது அவள் வாசல் தெளிக்க வந்தால் விஜயம் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், இவள் குடத்தோடு வந்ததும் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

விஜயத்தின் புருஷர் சுப்பராமன் கோர்ட்டில் குமாஸ்தா. தெருவில் இங்கிலீஷ் தெரிந்த பெரிய மனுஷர் அவர்தான். காங்கிரஸ் பக்கம் அனுதாபம் உள்ளவர். அவரை மட்டும் நம்ப வைத்துவிட்டால் தெரு திரும்பிவிடும் என்று சத்தியசீலன் கணக்குப் போட்டான். கிரேக்கர்கள் சொன்ன முறைப்படி ஆதாரத்தோடு போனான். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம்தான் ஆதாரம்.

சுப்பராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தலைப்பில் முத்திரை. கீழே, இன்னாருக்குப் பொது இடங்களில் நிகழும் பேச்சுக்களைச் சேகரிக்க அனுமதி அளிக்கப்படுகிறது என்று இருந்தது. அவர் கடிதத்தை மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் யாரு தம்பி?"

"கவர்னருங்க."

"ம். கவர்னர் அனுமதியோட பேச்சைச் சேகரிக்கிறீங்க."

"அது ஆராய்ச்சிக்குங்க!"

"சி.ஐ.டி.யா வர்றவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க. போயிட்டு வாங்க" என்றார்.

அடுத்த தப்பைக் கல்லூரி முதல்வர் செய்தார். அமெரிக்கத் துரை, தங்கமான மனிதர். விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போய், தாமே மோட்டாரில் தெருவுக்குள் வந்து இறங்கி, "இந்த மனுஷன் உத்தமன், இதற்கு நானே சாட்சி" என்று வேதாகமத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். தெரு முழுக்க எழுந்து நின்று சலாம் போட்டது. வெள்ளைக்காரனே வீடு தேடி வந்து சாட்சி சொல்கிறான் என்றால் இனி என்ன சந்தேகம் என்று, மறுநாளிலிருந்து பூக்காரியும் வருவதை நிறுத்திக்கொண்டாள். சத்தியசீலன் ஒரு கதர் சட்டை தைத்துப் போட்டுப் பார்த்தான். "மாறுவேசம் கட்ட ஆரம்பிச்சுட்டான் பாருங்கப்பா" என்றார்கள். அவன் நிஜத்தைச் சொல்லச் சொல்லப் பொய் பலத்துக்கொண்டே போயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தான். கள்ள மௌனம் என்றார்கள்.

ஒரு நாள் ஆனிமேரி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"திண்டுக்கல்லுக்கே போயிருவோம் மேரி" என்றான். அவளுடைய அண்ணன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை இருப்பதாக எழுதியிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும். கணக்கு என்றால் அவனுக்கு வேப்பங்காய். போனால் கல்லூரி போயிற்று, நூலகம் போயிற்று, மூன்று வருஷ ஆராய்ச்சியும் அதோடு போயிற்று.

"போயி ஒங்களுக்கு இருக்க முடியுமா?"

"இங்கன மட்டும் ஒனக்கு இருக்க முடியுதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை வரைக்கும் நாளு இருக்குல்ல, பாப்போம்" என்றாள். அவன் அன்றைக்கே டிரங்குப் பெட்டியை இறக்கிப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிவப்புத் தலைப்பாகை போட்ட இரண்டு கான்ஸ்டபிள்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"சத்தியசீலன் யாரு? டேசனுக்கு வாங்க. ஐயா விசாரிக்கணுமாம்."

மேஜை மேலிருந்த ஏழு நோட்டையும், காகிதக் கட்டையும் ஒருவர் அங்கே கிடந்த ஒரு வேட்டியில் மூட்டையாகக் கட்டினார். மற்றவர் இவன் முழங்கையைப் பிடித்தார். சத்தியசீலன் திரும்பிப் பார்த்தான். ஆனிமேரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. உதடு மட்டும் ஜெபம் சொல்கிற மாதிரி அசைந்தது. பாவம், அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று நினைத்தான்.

தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்ததும்தான் அவன் ஒன்றைக் கவனித்தான். கதவுகள் திறந்துகொண்டிருந்தன. சுப்பராமன் பாதி கட்டின வேட்டியோடு வெளியே ஓடி வந்தார். விஜயம் தன் வீட்டுப் படியிலிருந்து இறங்கி, நேரே ஆனிமேரியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பால்காரர் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

"போலீசு புடிச்சுட்டுப் போகுதுய்யா வாத்தியாரை!"

"அப்ப சி.ஐ.டி. இல்லியா?"

"மூஞ்சியப் பாரு. அவனா சி.ஐ.டி.? நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல!"

அன்றைக்கு அப்படிச் சொன்னவர் ஒருவரும் கிடையாது. ஆனால் இப்போது அதைப் பதினைந்து பேர் சொன்னார்கள். யாரோ பின்னாலிருந்து "ஜே!" என்றார்கள். குளத்தங்கரையில் மலையாண்டி சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்று கும்பிட்டான். சத்தியசீலனுடைய நெஞ்சில் பல நாளாக ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் மெல்ல நகர்ந்தது. முதல் பாதித் தெருவைத் தலை குனிந்து ஓட்டமாகக் கடந்தவன், மீதிப் பாதியை நிமிர்ந்து நிதானமாக நடந்தான். "வெரசா வாங்க சார்" என்று கான்ஸ்டபிள் இழுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

டேசனில் சப் இன்ஸ்பெக்டர் அனந்தராமன் காத்திருந்தார். படித்தவர், தாம் படித்தவர் என்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று நினைப்பவர். ராஜத்துரோகத்தை எதிர்பார்த்து முதல் நோட்டைத் திறந்தார்.

"யாரு இந்தத் தங்கப்பொண்ணு? கட்சியில என்ன பொறுப்பு?"

"கத்திரிக்கா விக்கிறவங்க சார்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். ஒரு கூட்டத்துப் பேச்சு இருந்தது. வலது பக்கத்துக் குறிகளுக்கு அர்த்தம் கேட்டார். "இருமல், இருமல், கொட்டாவி, ஒருத்தர் எந்திரிச்சுப் போனார், கொட்டாவி" என்று இவன் விளக்கினான். சப் இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. "இந்தப் பேச்சைக் கேட்டு ஜனங்க கொந்தளிச்சாங்கன்னுல்ல எங்க ரிப்போர்ட்டு சொல்லுது" என்று முணுமுணுத்தார். பிறகு காகிதக் கட்டிலிருந்து பல்கலைக்கழகக் கடிதத்தை எடுத்தார். முத்திரையைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"அடடா, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? கவர்னர் வேந்தரா இருக்கிற இடம்! தப்பாப் போச்சு சார். டீ சாப்பிடுங்க. ஜட்கா வண்டி சொல்றேன், வீட்டுல கொண்டாந்து விட்டுருவாங்க."

மணி ஒன்பதரை.

சத்தியசீலனுக்கு உயிரே போயிற்று. ஒன்பது மணிக்குப் பிடித்துக்கொண்டு போனவனைப் பத்து மணிக்குப் போலீஸே ஜட்கா வைத்து, டீ கொடுத்துக் கொண்டுவந்து விட்டால் தெரு என்ன சொல்லும்? ரிப்போர்ட் கொடுக்கப் போனான், கொடுத்துவிட்டு வந்துவிட்டான் என்று சொல்லும். அப்புறம் திண்டுக்கல்கூடப் பத்தாது, ரங்கூனுக்குத்தான் போக வேண்டும்.

"சார், நான் சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருந்துக்கிறட்டுமா?"

"இது என்ன சத்திரமா?"

கெஞ்சினான். காரணம் சொன்னான். சப் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அதெல்லாம் முடியாது சார், கேஸ் இல்லாத ஆளை எப்படி வச்சுக்கிறது?" என்று நோட்டுகளைக் கட்டச் சொன்னார். ஏழு நோட்டு நிறைய எழுதியும் ஒரு மனிதனைக்கூட நம்ப வைக்கத் தெரியவில்லையே என்று சத்தியசீலன் நொந்துகொண்டான். அந்த நேரத்தில் அவனுக்குக் கைகொடுத்தது கிரேக்கர்கள் இல்லை.

"சரிங்க சார், கட்டிரச் சொல்லுங்க" என்றான். "முதல் நோட்டு லேசானது. மத்த ஆறும் கொஞ்சம் கஷ்டம். டேசன்ல யாருக்கும் ஆகாது. மெட்ராஸுக்கு அனுப்பிட்டா, அங்க விஷயம் தெரிஞ்ச ஆபீசருங்க படிச்சுச் சொல்லிருவாங்க."

அனந்தராமனுடைய கை நின்றது.

"எது ஆகாது? அந்த ரெண்டாம் நோட்டை எடுய்யா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஐந்து மணி வரை மனிதர் எழுந்திருக்கவில்லை. நாலாம் நோட்டுக்கு வந்தபோது பல்பொடிக்காரன் பேச்சைத் தொண்டையை மாற்றிப் படித்துக் காட்டினார். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள், சிரிப்புக்கு எந்தக் குறி என்று அவரே கேட்டுப் பக்கத்தில் போட்டார். ஆறாம் நோட்டில் அவருக்கு வாத்தியார் மேல் பிரியமே வந்துவிட்டது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"ஒங்களுக்கு ஊருல யாரோ விரோதி இருக்கான் சார். இந்த மொட்டைக் கடிதாசி வந்துதான் ஒங்களைக் கூப்பிட்டேன். கையெழுத்துத் தெரியுதா பாருங்க."

கொட்டை கொட்டையாக, கோணல் மாணலாக, இடது கையால் எழுதின மாதிரி இருந்தது. சத்தியசீலன் படித்தான். 'ஐயா, எழுதவே பயமாக இருக்கிறது. என் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம். இன்ன தெருவில் ஒரு வாத்தியார் கூட்டங்களுக்குப் போய், ஜனங்கள் எந்த இடத்தில் கை தட்டுகிறார்கள் என்று குறித்து வைக்கிறார். அதை வைத்து அடுத்த கூட்டத்துக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. தங்களைப் போன்ற கெட்டிக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.' அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. அதை மட்டும் சப் இன்ஸ்பெக்டர் மடித்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை சார்" என்றான். உண்மையாகவே தெரியவில்லை.

ஜட்கா வேண்டாம், நடந்தே போகிறேன் என்று அடம்பிடித்து, தலையைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருவில் நுழைந்தான். தெரு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. சுப்பராமன் ஓடி வந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி! அடிச்சாங்களா?"

"இல்லீங்க. டீ கொடுத்தாங்க."

"பாத்தீங்களாய்யா" என்று சுப்பராமன் கூட்டத்தைப் பார்த்துத் தழுதழுத்தார். "பட்ட அடியைக்கூடச் சொல்லிக்கிற மாட்டேங்கிறாரு!"

"நெசமாவே டீ கொடுத்தாங்க. காராசேவுகூட..."

"போதும் தம்பி, போதும். எங்களுக்குத் தெரியும். ஒங்களைப் போயி சந்தேகப்பட்டோமே."

அன்றைக்கும் அவன் சொன்ன நிஜத்தை ஒருவர்கூட நம்பவில்லை. முதல் தடவையாக அதற்காக அவன் கர்த்தரை ஸ்தோத்திரித்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அப்பாடா என்று அவன் விட்ட மூச்சு அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனிமேரி சோறு போட்டாள். அவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டான். ஜட்காவுக்குப் பயந்தது, ஆறு நோட்டைப் படிக்க வைத்தது, எல்லாம் சொல்லி முடித்துக் கடிதாசிக்கு வந்தான்.

"எழுதுனது யாரோ படுபாவி. ஆனா கெட்டிக்காரன் மேரி! 'என் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம்'னு எழுதுறான் பாரு, அப்படி எழுதுனா எந்தப் போலீசுக்காரன் சும்மா இருப்பான்? ஏழு நோட்டுல எனக்கு இந்த மாதிரி ஒரு சரக்குச் சிக்கலை. கடைசி வரியை மட்டும் அந்த ஆளு காட்ட மாட்டேனுட்டாரு. அதுலதான் விஷயமே இருக்கும்."

ஆனிமேரி ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"'மேலதிகாரிக்கே எழுதியிருப்பேன். ஆளைப் பிடித்த பெருமை வேறு யாருக்கும் போய்விடக் கூடாதே என்றுதான் தங்களுக்கு எழுதுகிறேன்.' இம்புட்டுத்தான்."

சத்தியசீலன் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அவளைப் பார்த்தான். சுருக்கென்று கோபம் வந்தது.

"அடிப்பாவி! உள்ள தூக்கிப் போட்டிருந்தா?"

"நோட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அம்புட்டையும் படிச்சுப் பிரதி எடுக்கிறவ நான். கத்திரிக்கா பத்தி எழுதுனதுக்கு எந்தக் கோர்ட்டுல தண்டனை குடுப்பாக?" என்றாள். "நீங்க நல்லவருன்னு துரை வந்து சொன்னாரு, காயிதம் சொல்லுச்சு, நீங்களே வீடு வீடாப் போயிச் சொன்னீக. ஒருத்தரு காதுலயும் ஏறலை. கெட்டவருன்னு சொல்ல ஒரு காயிதம் போதும்னு தோணுச்சு. எழுதிட்டேன்." அதுவரைக்கும் திடமாகத்தான் பேசினாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆனா பத்து மணிக்குள்ள விட்டுருவாகன்னு நெனச்சேங்க. பன்னெண்டாச்சு, மூணாச்சு, நாலாச்சு. எங்கையாலேயே ஒங்களைக் கொண்டுபோயிக் குடுத்துட்டேனோன்னு... காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலை."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளைப் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை சாகடித்தது தன்னுடைய சாமர்த்தியம்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. எச்சில் கையோடு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை நடுவில் இழுத்து வைத்து, "சாப்பிடு மேரி. முதல்ல சாப்பிடு" என்றான். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள், மறுபடி அழுதாள், அப்புறம் காராசேவு கொடுத்தார்கள் என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விஜயம், "ஆனி, அண்ணனுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று குரல் கொடுத்தாள். "ஒண்ணுமில்லக்கா, சாப்பிடுறாக" என்று இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த மதிலுக்கு மேலே ஒரு பேச்சு வந்து போயிற்று.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தவள் டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள்.

"திண்டுக்கல்லுக்குப் பதில் போடணும்ல. அண்ணன் அங்க வேலைக்குச் சொல்லி வச்சிருக்காரு. வரலைன்னா வருத்தப்படுவாரு. என்ன எழுதுறது?"

"நீயே எழுதிரு" என்றான் சத்தியசீலன், பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டே. "இதுக்காச்சும் பேரு போட்டு எழுது."